110 மி.மீ. தண்டுக்கு இஎன்19 உருளை: எந்த நிலையில் வாங்குவது?

கேள்வி (நார்ப்பட்டறை)

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை நார் ஆலைகளுக்கு எந்திரங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. மட்டை அடிக்கும் எந்திரத்தின் முதன்மைத் தண்டை இதுவரை இஎன்8 (நடுத்தர அளவு கார்பன் மட்டும் உள்ள சாதாரண எஃகு) உருளையில்தான் கடைந்து வந்தோம். தண்டின் மிகப் பெரிய விட்டம் 95 மி.மீ., பேரிங் உட்காரும் இடம் 90 மி.மீ., நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அண்மையில் ஓர் ஆலையில் புல்லிப் பக்கம் கீவே (புல்லியைப் பூட்டும் சாவிக்காகத் தண்டில் வெட்டும் பள்ளம்) முடியும் மூலையில் தண்டு முறிந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, அதன் பெரும்பகுதி வழுவழுப்பாகவும், கிளிஞ்சல் ஓட்டின் வரிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக வளைகோடுகள் படிந்தும் இருந்தது. எதிர்ப்புற ஓரத்தில் ஒரு சிறிய பிறைப்பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தது.

இஎன்19, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு, இதற்கு ஏற்றது என்று பலரும் சொல்கிறார்கள். எங்களுக்கு உருளை தருபவரிடம் 110 மி.மீ. இஎன்19 கறுப்பு உருளை (உருட்டியபடியே, மேல்தோல் கடையாதது) இருக்கிறது. "இந்த எஃகே உறுதியானது, ஹீட் ட்ரீட்மென்ட் தேவையில்லை, அப்படியே கடைந்துகொள்ளுங்கள்" என்கிறார். அவரிடமே கொதிகலன் வேலையில் மிஞ்சிய தடித்த பி22 குழாய்த் துண்டுகளும் குறைந்த விலைக்கு உள்ளன. அதுவும் குரோம்-மாலி எஃகுதான், அதில் இரண்டும் இன்னும் கூடுதலாக இருப்பதால் இஎன்19-ஐ விட வலுவானது என்பது அவர் வாதம்.

இஎன்19-ஐ ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாமல் பயன்படுத்தலாமா? பி22 குழாயை உள்ளீடற்ற தண்டாகக் கடையலாமா? பேரிங் இடம் தேய்ந்தால் இஎன்8 தண்டில் வெல்டிங் நிரப்பிக் கடைவதுபோல இதிலும் செய்யலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 (உலைக்கூடம்)

வணக்கம் ஐயா. ஹீட் ட்ரீட்மென்ட் (எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தும்) கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். இஎன்19-இல் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது வலிமையை அல்ல. வலிமையைத் தண்டின் உள்ளே ஆழம்வரை கொண்டுசெல்லக்கூடிய தன்மையை. அந்தத் தன்மை உலையிலும் எண்ணெய்த் தொட்டியிலும்தான் வெளிப்படும்.

பழைய பிரிட்டிஷ் தரத்தில் இதன் பிற்காலப் பெயர் 709எம்40. கார்பன் 0.36 முதல் 0.44 சதவீதம், மாங்கனீசு 0.70 முதல் 1.00, குரோமியம் 0.90 முதல் 1.20, மாலிப்டினம் 0.25 முதல் 0.35 வரை இருக்கும். அமெரிக்கர்களின் 4140, ஐரோப்பியர்களின் 42சிஆர்எம்ஓ4, ஜப்பானியர்களின் எஸ்சிஎம்440 ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள்; ஆனால் முழுவதும் ஒன்றல்ல. 4140-இல் மாலிப்டினம் 0.15 முதல் 0.25 சதவீதம்தான். தடித்த தண்டுகளில் இந்தச் சிறு வேறுபாடு கணக்கில் வரும்.

சிவக்கக் காய்ந்த எஃகை எண்ணெயில் அமிழ்த்தும்போது மேற்பரப்பு விரைந்து குளிர்கிறது, நடுப்பகுதி மெதுவாகக் குளிர்கிறது. வெறும் கார்பன் எஃகில் அந்த மெதுவான குளிர்ச்சிக்குள் கார்பன் அணுக்கள் இடம்பெயர்ந்து பெர்லைட் என்ற மென்மையான அமைப்பை உருவாக்கிவிடும். ஆகவே தோல் மட்டும் கடினமாகி உள்ளே பழைய எஃகாகவே நின்றுவிடுகிறது. குரோமியமும் மாலிப்டினமும் அந்த இடப்பெயர்ச்சியைத் தாமதப்படுத்துவதால், நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்தாலும் அங்கும் மார்ட்டன்சைட்டோ பெய்னைட்டோ (இரண்டும் கடினமான அமைப்புகள்) உருவாக நேரம் கிடைக்கிறது. 700 முதல் 850 மெகாபாஸ்கல் இழுவலிமை (இழுத்து அறுக்கத் தேவையான தகைவு) உள்ள 'ஆர்' நிலையை (வலிமை வரம்புகளுக்குப் பிரிட்டிஷ் தரம் இடும் எழுத்துக் குறிகளில் ஒன்று) இஎன்8-இல் ஏறத்தாழ 19 மி.மீ. தடிமன் வரைதான் எட்ட முடியும். இஎன்19-இல் அதே நிலையை 250 மி.மீ. வரை எட்டலாம். இந்த எஃகின் சிறப்பு முழுவதும் இந்த ஒரு ஒப்பீட்டில் அடங்கியிருக்கிறது.

கறுப்பு உருளையை அப்படியே கடைந்தால் என்ன கிடைக்கும்? அனீல் செய்த (காய்ச்சி மிக மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிய) உருளையாக இருந்தால் இழுவலிமை ஏறத்தாழ 650 மெகாபாஸ்கல்தான். நல்ல இஎன்8 உருளையே அதை நெருங்கிவிடும். உருட்டியபின் காற்றில் ஆறவிட்ட உருளையாக இருந்தால் கடினத்தன்மை கூடுதலாகத் தெரியலாம். ஆனால் அது ஆறிய விதத்தைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும், அதிர்ச்சியைத் தாங்கும் திறனுக்கும் உறுதி இல்லை. மட்டையோடு கல் சிக்கினால் அதிர்ச்சி நேரே தண்டுக்குத்தான் வரும்; அத்தகைய எந்திரத்துக்கு இப்படிப்பட்ட உருளை கூடாது.

வாங்கும்போது நீங்கள் நிலையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 'டி' நிலை என்றால் 850 முதல் 1000 மெகாபாஸ்கல், பிரினெல் கடினத்தன்மை 248 முதல் 302. அது 100 மி.மீ. தடிமன் வரைதான். அதைத் தாண்டி 150 மி.மீ. வரை 'எஸ்' நிலை, அதாவது 775 முதல் 925 மெகாபாஸ்கல். உங்கள் உருளை 110 மி.மீ. என்பதால், அதை முழு உருளையாகவே கடினப்படுத்தினால் 'எஸ்' நிலையைத்தான் எதிர்பார்க்கலாம். ஆனால் இந்தத் தடிமன் வரம்பு எண்ணெயில் இறங்கும் வேளையில் இருக்கும் அளவுக்கு உரியது. ஆகையால் முதலில் 99 மி.மீ. அளவுக்கு முரட்டுக்கடைசல் செய்து, பிறகு கடினப்படுத்தி, கடைசியாக 95-க்கும் 90-க்கும் கடைந்தால், அதே உருளையிலிருந்து 'டி' நிலைத் தண்டு கிடைத்துவிடும். மேல்தோலில் கார்பன் இழந்த அடுக்கும் அந்தக் கடைசிக் கடைசலில் போய்விடும்.

2 மீட்டர் தண்டைப் படுக்கவைத்துக் காய்ச்சினால் வளையும். குழி உலையில் செங்குத்தாகத் தொங்கவிட்டுக் காய்ச்சி, தொங்கியபடியே எண்ணெயில் இறக்கும் கூடத்தைத் தேடுங்கள். 850° செல்சியஸை ஒட்டிக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தியபின், 550 முதல் 650° வரை டெம்பர் செய்ய வேண்டும், அதாவது மிதமாக மறுபடி சூடாக்க வேண்டும். எவ்வளவு உயர்வாக டெம்பர் செய்கிறோமோ அவ்வளவு கடினம் குறைந்து, தாக்குதல் தாங்கும் திறன் கூடும். 230 முதல் 370° வரையிலான இடைவெளியில் டெம்பர் செய்யவே கூடாது. அந்த வெப்பநிலையில் எஃகு கடினமாகவும் இருக்கும், எளிதில் உடையவும் செய்யும். கடினத்தன்மைச் சோதனை மட்டும் செய்தால் அந்தக் குறை கண்ணில் படாது. சில எஃகுகள் 375 முதல் 575° வரையிலான இடைவெளியில் மெதுவாக ஆறும்போது பாஸ்பரஸ் முதலிய மாசுகள் படிக எல்லைகளில் சேர்ந்து நொறுங்குதன்மை பெறுவது உண்டு. அதை மட்டுப்படுத்துவதும் இந்தச் சிறிதளவு மாலிப்டினம் செய்யும் பெரிய வேலைகளில் ஒன்று.

பதில் 2 (எந்திரவடிவமைப்பு)

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் முறிந்த முகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தால், எஃகை மாற்றுவதற்கு முன் கீவேயை மாற்ற வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வளைகோடுகள் களைப்பு முறிவின் அடையாளம். கீவே மூலையில் ஒரு நுண்விரிசல் பிறந்து, தண்டு சுழலும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக முன்னேறியிருக்கிறது. கடைசியில் முறிந்த சொரசொரப்பான பகுதி சிறியதாக இருப்பது, எஞ்சிய அந்தச் சிறு பரப்பே நெடுநாள் சுமையைத் தாங்கியது என்பதைக் காட்டுகிறது. அதாவது தண்டின் பொதுவான தகைவு (பரப்பின் மீது விழும் சுமை) மிகுதியாக இல்லை. ஒரு மூலையில் மட்டும் அது குவிந்திருக்கிறது.

மெருகேற்றிய எஃகுத் துண்டின் களைப்பு எல்லை (எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தாலும் முறிக்காத தகைவு) அதன் இழுவலிமையில் ஏறத்தாழப் பாதி என்று வைத்துக்கொள்வது வழக்கம். 550 மெகாபாஸ்கல் உள்ள இஎன்8-க்கு அது 275. 'டி' நிலை இஎன்19-க்கு, குறைந்த அளவான 850-ஐ எடுத்துக்கொண்டால், 425. ஆனால் கீவே இருக்கும் இடத்தில் இந்த எண்களை வகுத்தாக வேண்டும். எண்ட் மில் (நுனியால் வெட்டும் கம்பி வடிவ கட்டர்) கொண்டு நேர்குத்தாக முடியும் கீவேக்கு, வளைவுச் சுமையில், மென்மையான எஃகுக்கு வகுக்கும் எண் 1.6, கடினப்படுத்திய எஃகுக்கு 2.0. தட்டு வடிவ கட்டர் கொண்டு வெட்டி, முனையில் மெதுவாக மேலேறி முடியும் கீவேக்கு அவை முறையே 1.3-உம் 1.6-உம். கடினமான எஃகு எப்போதும் கூர்மூலைகளுக்குக் கூடுதலாக அஞ்சும் என்பதே இந்த எண்களின் பொருள்.

இப்போது கணக்குப் பாருங்கள். நீங்கள் இப்போது செய்வது, எண்ட் மில் கீவேயுடன் இஎன்8 என்று வைத்துக்கொண்டால், 275-ஐ 1.6 ஆல் வகுத்து 172. எஃகை மட்டும் மாற்றினால் 425-ஐ 2.0 ஆல் வகுத்து 212. எஃகை மாற்றாமல் கட்டரை மட்டும் மாற்றினால் 275-ஐ 1.3 ஆல் வகுத்து 211. விலை கூடிய எஃகும் ஹீட் ட்ரீட்மென்ட்டும் சேர்ந்து தரும் பயனை, கீவே வெட்டும் முறையை மாற்றியே ஏறத்தாழ முழுவதும் பெற்றுவிடலாம். இரண்டையும் மாற்றினால் 265 கிடைக்கும். தண்டின் அளவு, மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றுக்கான குறைப்பை நான் இங்கே சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் எல்லா எண்களும் இறங்கும், ஆனால் வரிசை மாறாது.

பேரிங் தோள்பட்டையிலும் இதே கவனம் வேண்டும். பேரிங்கின் உள்வளைய மூலைக்கு இடம்விட வேண்டும் என்பதற்காகத் தோளைக் கூர்மையாகக் கடைந்துவிடுகிறோம். அதற்குப் பதில் பெரிய ஆரத்துடன் தோளைக் கடைந்து, அந்த ஆரத்துக்கு இடம்விட்டு ஒரு தனி வளையத்தை இடையில் வைத்தால் பேரிங்கும் சரியாக அமரும், தண்டும் பிழைக்கும். லேத் கருவியின் வரிகள் அந்த ஆரத்தில் தெரியாதபடி எமெரி தாள் கொண்டு மெருகேற்றுங்கள்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் முன்கூட்டியே விலக்கிவிடுகிறேன். தண்டு வளைந்து அதிர்கிறது என்பது உங்கள் குறையாக இருந்தால் இஎன்19 அதைத் தீர்க்காது. மீள்திறன் குணகம் இரண்டு எஃகுக்கும் ஏறத்தாழ 205 கிகாபாஸ்கல்தான். கடினப்படுத்தினாலும் அது மாறாது. அதிர்வைக் குறைக்க விட்டத்தைக் கூட்டுங்கள், அல்லது பேரிங்குகளுக்கு இடையிலான தொலைவைக் குறையுங்கள்.

நார்ப்பட்டறை

இருவருக்கும் மிக்க நன்றி. கீவேயை இதுவரை எண்ட் மில் கொண்டுதான் வெட்டி வருகிறோம்; புல்லிப் பக்கம் தண்டின் நுனியில் தட்டுக் கட்டர் ஓட இடம் இருக்கிறது. பி22 குழாய் பற்றியும் வெல்டிங் பற்றியும் யாராவது சொன்னால் முடிவெடுத்துவிடலாம். குழாயின் வெளிவிட்டமும் சுவர்த் தடிமனும் எங்கள் அளவுக்குப் பொருந்துவதால்தான் மனம் அங்கே போகிறது.

பதில் 3 (உயரழுத்தக்குழாய்)

அந்தக் குழாயைத் தண்டாக்க வேண்டாம். நான் அனல்மின் நிலையக் குழாய் வேலையில் இருப்பவன். பி22-ஐ மதிப்பவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

பி22-இல் குரோமியம் 2.25 சதவீதத்தை ஒட்டியும் மாலிப்டினம் 1 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். இஎன்19-ஐ விட இரண்டும் கூடுதல்தான். ஆனால் கார்பன் 0.05 முதல் 0.15 சதவீதம் மட்டுமே. எஃகின் கடினத்தன்மையைத் தீர்மானிப்பது முதன்மையாகக் கார்பன்தான். தரம் கேட்கும் குறைந்தபட்ச ஈல்டு வலிமை (எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) பி22-க்கு 205 மெகாபாஸ்கல், இழுவலிமை 415. சாதாரணமாக ஆறவிட்ட இஎன்8-க்கே ஈல்டு 280-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். ஆக, அறை வெப்பநிலையில் ஓடும் உங்கள் எந்திரத்துக்கு, முறிந்த தண்டைவிட மென்மையான எஃகைத்தான் அவர் வலுவானது என்று காட்டியிருக்கிறார்.

பி22-இன் வலிமை வேறு களத்துக்கு உரியது. 540° செல்சியஸ் நீராவியை ஆண்டுக்கணக்கில் தாங்கும் குழாயில், ஈல்டு எல்லைக்கு மிகக் கீழான சுமையிலும் எஃகு மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். க்ரீப் எனப்படும் அந்த நீட்சியை மாலிப்டினம் தடுக்கிறது. மாலிப்டினம் மட்டும் போதும் என்று எண்ணி, குரோமியம் இல்லாத அரை சதவீத மாலிப்டின எஃகுக் குழாய்களை ஒரு காலத்தில் நீராவிக்குப் பயன்படுத்தினார்கள். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் ஸ்பிரிங்டேல் மின் நிலையத்தில் அத்தகைய குழாய் ஒன்று வெல்டிங்குக்கு அருகே உடைந்தது. எஃகிலிருந்த கார்பைடு பல ஆண்டு வெப்பத்தில் சிதைந்து, கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து, வெல்டிங்கை ஒட்டிச் சங்கிலிபோல வரிசையாகச் சேர்ந்திருந்தது. அதன்பின் உயர்வெப்ப நீராவிக் குழாய்களில் குரோமியம் சேர்த்த எஃகு இடம்பிடித்தது. குரோமியம் கார்பைடைச் சிதையவிடாமல் நிலைநிறுத்துகிறது.

சுத்திகரிப்பு ஆலைகளில் இதே நிலைத்த கார்பைடுகள் இன்னோர் உயிர்காக்கும் வேலையைச் செய்கின்றன. உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, இரும்புக் கார்பைடிலுள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேன் வாயுவாகிறது. அந்த வாயு வெளியேற வழியின்றிப் படிக எல்லைகளைப் பிளக்கிறது. 2010 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலம் அனகார்ட்டிஸ் நகரச் சுத்திகரிப்பு ஆலையில் கார்பன் எஃகு வெப்பப்பரிமாற்றி ஒன்று இப்படிப் பிளந்து 7 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். குரோமியமும் மாலிப்டினமும் கார்பனை இறுகப் பிடித்து வைத்திருக்கும் எஃகை ஹைட்ரஜன் அவ்வளவு எளிதில் கரைக்க முடியாது.

இந்தக் குடும்பத்தின் இன்றைய முன்னணி உறுப்பினர் பி91. 9 சதவீதக் குரோமியம், 1 சதவீத மாலிப்டினம், அதோடு சிறிதளவு வனேடியம், நியோபியம், நைட்ரஜன். 1970-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வேக ஈனுலைகளை (எரிப்பதைவிடக் கூடுதல் எரிபொருளை உண்டாக்கும் அணு உலைகள்) கருதி உருவான எஃகு அது. கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலையில், ஒரு பக்கம் சோடியமும் மறுபக்கம் தண்ணீரும் ஓடும் நீராவியாக்கிகளின் 23 மீட்டர் நீளக் குழாய்கள் இவ்வகை எஃகால் ஆனவை. ஆனால் பி91-இன் நற்குணம் முழுவதும் அதன் ஹீட் ட்ரீட்மென்ட்டில் இருக்கிறது. வெல்டிங்குக்குப்பின் வெப்பநிலை பிசகினால் அது வெறும் விலையுயர்ந்த பலவீனமான குழாய் ஆகிவிடும். உலைக்கூடத்து நண்பர் உங்கள் தண்டுக்குச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் இஎன்19 கொதிகலன் பக்கமே வராது என்றும் நினைக்க வேண்டாம். பி22 குழாயின் ஃபிளாஞ்சை (குழாய்களை இணைக்கும் விளிம்பு வளையம்) இறுக்கிப் பிடிக்கும் பி7 (B7) ஸ்டட்கள், அதாவது மரைக் கம்பிகள், 4140 வகை எஃகில் கடினப்படுத்தி டெம்பர் செய்தவை. எண்ணெய்க் கிணற்றுத் துரப்பணக் குழாய்களின் இணைப்புகள், கிராங்க் தண்டுகள், கியர் தண்டுகள் எல்லாம் அந்தப் பக்கத்து எஃகுகள்தான். கார்பனை 0.30 சதவீதத்துக்குக் குறைத்த 4130, வெல்டிங்குக்கு இணக்கமானது என்பதால் சிறு விமானங்களின் சட்டகங்களுக்கும் பந்தயக் கார்களின் கூண்டுகளுக்கும் போகிறது.

பதில் 4 (பற்றவைப்பவர்)

வெல்டிங் கேள்விக்கு வருகிறேன். இஎன்8 தண்டில் செய்வதை இஎன்19-இல் செய்யக் கூடாது. வெல்டிங்குக்கு எஃகு எவ்வளவு இணங்கும் என்பதை மதிப்பிடும் கார்பன் சமான எண்ணை 4140-க்குக் கணக்கிட்டால் 0.78-ஐ ஒட்டி வருகிறது. 0.40-ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தேவை. தண்டு தடியானது, வெல்டிங்கின் வெப்பத்தை அதுவே உறிஞ்சி எடுத்துவிடுவதால், வெல்டிங்கை ஒட்டிய மெல்லிய அடுக்கு எண்ணெயில் அமிழ்த்தியதைவிடக் கடினமாகிவிடுகிறது. ஈரமான எலெக்ட்ரோடிலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்த அடுக்கில் புகுந்தால், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, விரிசல் விழும். அன்றைக்கு மாலை தண்டு நன்றாகவே தெரியும். கடைந்து, பொருத்தி, ஓட்டத் தொடங்கியபின்தான் விளைவு புரியும்.

தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், தண்டை 200 முதல் 300° வரை முழுச் சுற்றளவிலும் சீராகச் சூடாக்கி, வேலை முடியும்வரை அந்தச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 300 முதல் 350° வரை அடுப்பில் உலர்த்திய குறைந்த ஹைட்ரஜன் எலெக்ட்ரோடுகளையே பயன்படுத்த வேண்டும். முடிந்தவுடன் ஆறவிடாமல் போர்த்தி, பிறகு டெம்பர் வெப்பநிலையைவிட 30° அளவுக்குக் குறைவான வெப்பத்தில் தகைவு நீக்க வேண்டும். தண்டு எத்தனை டிகிரியில் டெம்பர் ஆனது என்று தெரியாவிட்டால் இந்தக் கடைசிப் படியைச் சரியாகச் செய்யவே முடியாது. அதனால் ஹீட் ட்ரீட்மென்ட் கூடம் தரும் தாளைத் தண்டோடு சேர்த்து ஆலைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

என் பரிந்துரை, பேரிங் இடத்தில் வெல்டிங் நிரப்புவதை அடியோடு விட்டுவிட்டு, தேய்ந்த பகுதியைச் சற்றுக் கடைந்து ஒரு மெல்லிய ஸ்லீவைச் (உறை வளையத்தை) சூடாக்கி ஏற்றுவதுதான். தேய்மானமே குறைய வேண்டும் என்றால் புதுத் தண்டிலேயே பேரிங் இடங்களை நைட்ரைடிங் (மேல்தோலில் நைட்ரஜனைப் புகுத்திக் கடினமாக்குதல்) செய்யலாம். அது 500 முதல் 525° வரை நடப்பதால் எண்ணெயில் அமிழ்த்தும் வேலை இல்லை, வளைவும் மிகக் குறைவு. தண்டின் டெம்பர் வெப்பநிலை அதைவிட உயர்வாக இருந்தால் நடுப்பகுதியின் வலிமையும் குறையாது.

உருளை வாங்கும்போது, ஹீட் எண் (எஃகு எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்) பொறித்த உருளையையும் அதற்குரிய ஆலைச் சான்றிதழையும் கேளுங்கள். கையில் பிடித்துச் சோதிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் காட்டும், கார்பனைக் காட்டாது. அதை மட்டும் நம்பினால் 4130-ஐயும் 4140-ஐயும் பிரித்தறிவது கடினம். ஒரு சிறு துண்டை வெட்டி, கார்பனையும் அளக்கும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பிவிட்டு, விடை வந்தபின் லேத்தில் ஏற்றுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வரும்போது, இரு முனைகளிலும் நடுவிலும் தோலைச் சிறிது சுரண்டிவிட்டு பிரினெல் எண்ணைப் பாருங்கள். மூன்றும் 248-க்கும் 302-க்கும் இடையில் இல்லாவிட்டால் தண்டைத் திருப்பி உலைக்கே அனுப்புங்கள்.